ஊசி தபாலில் வரலாமா, ஆள் கொண்டுபோக வேண்டுமா?

சிட்னியில் இருக்கும் என் மாமா பையன் பொங்கலுக்கு வந்திருந்தான். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை டீக்கடையில் நின்றுகொண்டு, "இன்னா மச்சான், இன்னும் இந்த வெயில்ல பைய தூக்கினு அலையிறீங்க? எங்க ஊர்ல போதை ஊசி போடறவங்களுக்குப் புது சிரிஞ்ச் தபால்லயே வருது. கேட்டா அனுப்புவாங்க, ஏன் எதுக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றான். கிளம்பும் நாளில் அறுபதாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து, "தபால் வேலைய ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நாங்கள் நான்கு பேர். மூன்று பேர், ஒரே ஊசியைப் பலர் போட்டுத் தொற்று பரவாமலிருக்கப் புது ஊசி கொண்டுபோய்க் கொடுக்கும் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களில் களப்பணி பார்த்தவர்கள். நான்காவது, ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ் அக்கா. அந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை பேசினோம், சண்டையும் போட்டோம். புளியந்தோப்பிலோ வியாசர்பாடியிலோ வேறு யாருக்காவது இதே யோசனை வந்தால் உதவட்டும் என்று அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

மாமா பையன் அளந்துவிடவில்லை. அவன் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நுவா என்ற அமைப்பு இருக்கிறது. போதைப்பொருள் பயன்படுத்துகிறவர்களே முன்னின்று நடத்துவது. புது ஊசிகளைத் தபாலில் அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் நெக்ஸ்ட் டிஸ்ட்ரோ என்று ஒன்று நியூயார்க்கில் தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்து பயிற்சியைப் பார்த்து முடித்தால், ஓபியாய்டு என்கிற அபின் வகை மருந்து அளவு மீறி மூச்சு நிற்கப்போகிறவரை மீட்கும் நலாக்சோன் வீட்டுக்கு வரும். பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில் 2013 முதல் வெடினாஸ் என்ற அரசு ஏற்பாடு நடக்கிறது. கையில் இருக்கும் தூளிலோ மாத்திரையிலோ கொஞ்சம் தபாலில் அனுப்பினால், அதில் என்ன கலந்திருக்கிறது என்று ஆய்வுசெய்து, பெயர் கேட்காமல் ஒரு எண்ணின் கீழ் முடிவை வெளியிடுவார்கள். இந்தக் கடைசி ஏற்பாட்டை நாங்கள் ஐந்து நிமிடத்தில் ஒதுக்கிவிட்டோம். இங்கே அப்படி அனுப்பினால், அனுப்பியவர் மேலேயே 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பாயும்.

அங்கெல்லாம் தபால் எடுபடுவதற்குக் காரணம் தூரம். பக்கத்து ஊர் மையத்துக்கே நூறு கிலோமீட்டர் கார் ஓட்ட வேண்டும், ஊர் சின்னது, மருந்துக்கடைக்காரர் சித்தப்பாவுக்குச் சிநேகிதர். அப்படிப்பட்ட இடத்தில் வாசலில் பூட்டுப்போட்ட தபால்பெட்டி பெரிய வரம்.

வட சென்னையில் தூரம் பிரச்சினை இல்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால்தான் தூரம்.

இங்கே பிரச்சினை வேறு. லைன் வீட்டில் எட்டுக் குடும்பத்துக்கு ஒரே வாசல். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் தபால்காரர் கீழே நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று மாடிக்கும் கேட்கும். கூரியர் பையனாக இருந்தால் போன் செய்வான், எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவான். பார்சல் என்றால் அது வீட்டுக்கே வந்த பார்சல். "இன்னாடா வாங்கின?" என்று கேட்டுக்கொண்டே அம்மா பிரித்துவிடுவார். சிட்னியில் எந்த ரகசியத்துக்காகத் தபாலைக் கொண்டாடுகிறார்களோ, அந்த ரகசியம்தான் இங்கே முதலில் உடைகிறது. வீதியில் நின்று கையில் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு நகர்வது அதைவிடப் பத்து மடங்கு ரகசியம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கொஞ்ச வருடமாக இந்தப் பக்கம் ஓடுவது, போதைக்காகப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றும் வலி மாத்திரை. தொண்ணூறுகளில் பிரவுன் சுகர் என்கிற ஹெராயின் இருந்தது, அதோடு பியூப்ரனார்பின் ஊசிமருந்தும் வந்தது. 2018இல் டிரமடால் என்ற வலி மாத்திரையைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். இப்போது அதிகம் காதில் விழுகிற பெயர் டேபன்டடால். அந்த மாத்திரைகள் வெளி மாநிலத்திலிருந்து கூரியரில் வந்து போலீஸ் பிடித்த செய்தியை வாரம் ஒருமுறையாவது படிக்கிறோம். அதே இளைஞன் பெயருக்கு, அதே தெருவுக்கு, அட்டைப்பெட்டியில் எழுபது சிரிஞ்ச் போய் இறங்கினால் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? புது சிரிஞ்ச் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் போதைப்பொருள் எடுப்பது குற்றம். பிரவுன் சுகர் என்றால் 27ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை சிறை. பையில் சிரிஞ்ச் இருப்பதே சந்தேகத்துக்குப் போதும் என்பது களத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும். 2023ஆம் வருடத்து அஞ்சல் சட்டமும், பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகத் தபாலை இடைமறித்துப் பிரித்துப் பார்க்க அதிகாரம் கொடுக்கிறது.

சட்டம் என்று வரும்போது நமக்குச் சாதகமாகவும் ஒன்று இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. 2017ஆம் வருடத்து எச்.ஐ.வி. சட்டத்தின் 22ஆம் பிரிவு, தொற்றைக் குறைப்பதற்காகச் செய்யும் வேலையைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது என்கிறது. சுத்தமான ஊசி கொடுப்பதும் அதில் அடங்கும். ஆனால் மத்திய அரசின் வழிகாட்டு நெறிப்படி செய்தால்தான் அந்தக் காப்பு. நாலு நண்பர்கள் சேர்ந்து வீட்டிலிருந்து பார்சல் அனுப்பினால் இந்தக் குடைக்குள் நிற்க முடியுமா என்பது சந்தேகம்தான். ஆக, எதைச் செய்தாலும் அரசு உதவியோடு ஏற்கெனவே ஊசி கொடுத்துவரும் திட்டத்தோடு ஒட்டிக்கொண்டு செய்வது என்று முதல் ஞாயிறே முடிவாகிவிட்டது.

செலவுக் கணக்கில் தபால் தோற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவருக்கு நாளைக்கு இரண்டோ மூன்றோ ஊசி என்றால் மாதத்துக்கு எழுபது, எண்பது ஆகும். அதைச் சென்னைக்குள் ஸ்பீடு போஸ்டில் அனுப்ப ஒரு மசால்தோசைக் காசு போதும். ஒரு ஆளை மாதம் முழுக்க நடக்க வைக்க அதைவிடப் பல மடங்கு ஆகும். எங்களில் ஒருவர் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை விடவில்லை.

அவரை அசைத்தது நர்ஸ் அக்காவின் ஒரே கேள்வி: "பார்சல் கையைப் பாக்குமா?"

மாத்திரை விழுங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதில் மருந்தோடு டால்க் மாதிரியான நிரப்பு பொருள்களும் இருக்கும். பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றும்போது அவை கரையாமல் போய் ரத்தக்குழாயை அடைக்கும், நுரையீரலின் நுண்ணிய குழாய்களிலும் தங்கும். ஊசி எவ்வளவு புதிதாக இருந்தாலும் இது நடக்கும். தோலில் தவறி இறங்கினால் கட்டி, சீழ். நரம்பு கிடைக்காமல் போய் இடுப்பு மடிப்பில் போட ஆரம்பித்தால் காலே போகிற நிலை வரலாம். முழுக்கைச் சட்டையோடு நாற்பது டிகிரி வெயிலில் நிற்கிற பையனைப் பார்த்ததும், "தம்பி, கைய மடி பாக்கலாம்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். நான் களத்தில் இருந்த வருடங்களில் ஊசி கொடுத்த நேரத்தைவிடப் புண் கழுவிவிட்ட நேரம்தான் அதிகம். பெட்டாடினும் கட்டுத்துணியும் எடுத்ததும் பேச ஆரம்பிப்பார்கள். வலி குறையும்போதுதான் "அண்ணா, டெஸ்ட் எடுத்துடலாமா?" என்ற வார்த்தை வரும். அங்கிருந்து எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கும் நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப்போவது பாதி வேலை முடிந்த மாதிரி.

அந்த டெஸ்ட் ஏன் முக்கியம் என்பதற்கு இரண்டு எண் சொல்கிறேன். நாட்டில் வயதுவந்தோரில் எச்.ஐ.வி. இருப்பது ஆயிரத்தில் இரண்டு பேர் அளவு. ஊசி போடுகிறவர்களிடையே 2021ஆம் வருடத்து அரசுக் கண்காணிப்பில் அது 9 சதவீதம். ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி இன்னும் பொல்லாதது. ஒரு சிரிஞ்சுக்குள் மிச்சமிருக்கும் ரத்தத்தில் அந்தக் கிருமி 63 நாள் வரை உயிரோடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். நல்ல சேதி என்னவென்றால், 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அதற்கு மாத்திரை இலவசம். பெரும்பாலானவர்களுக்கு 12 வாரத்தில் குணமாகிவிடும். பார்சலுக்குள் ஒரு துண்டுச்சீட்டு வைத்து இதையெல்லாம் எழுதி அனுப்பலாம்தான். யார் படிப்பார்கள்?

தபாலால் ஆகாத இன்னொன்று, திரும்பி வருவது. போட்ட ஊசி எங்கே போகும்? தண்டவாள ஓரம், சாக்கடை, குப்பைத்தொட்டி. கையால் குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளருக்கும், பந்து எடுக்க ஓடும் பிள்ளைக்கும்தான் குத்தும். அமெரிக்காவில் இதற்கென்றே அனுமதி பெற்ற பெட்டியைத் தபாலில் திருப்பி அனுப்பும் வழக்கம் உண்டு. இங்கே அதை நினைக்கவே வேண்டாம். தபால் பையைத் தூக்குகிறவரும் மனிதர்தான். 2016ஆம் வருடத்து மருத்துவக் கழிவு விதிப்படி கூர்மையான பொருள்கள் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும். புது ஊசி கொடுக்கிற ஆளே பழையதை அந்த டப்பாவில் வாங்கி வருவதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

இவ்வளவு சொன்னதும், ஆள் நடந்துபோய்க் கொடுக்கிற வேலை குறையில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. அதன் ஓட்டைகளை நானே பார்த்திருக்கிறேன். அலுவலக நேரம் பத்து மணிக்குத் தொடங்கும். காசிமேட்டில் விடியற்காலை மூன்று மணிக்குக் கூடை தூக்கப் போகிறவர் அதற்கு முன்பே ஊசி போட்டிருப்பார். முந்தின நாள் ஊசிதான் கையில் இருக்கும். ஏரியாவில் ரெய்டு வந்தால் கூடும் இடம் ஒரே இரவில் மாறிவிடும், ஒரு வாரம் ஆளே அகப்படாது. பழகிய பணியாளர் வேறு வேலைக்குப் போனால் அவரோடு நாற்பது பேரின் நம்பிக்கையும் போய்விடும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, பெண்கள். ஆண்கள் கேரம் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் டிராப்-இன் சென்டர் என்கிற திட்ட மையத்துக்குள் எந்தப் பெண் வந்து ஊசி கேட்பாள்? புருஷன் போட்ட ஊசியையே அடுத்து அவள் போட்டுக்கொள்வாள். எங்கள் பட்டியலில் பெண்கள் இல்லை என்பதற்கு, ஏரியாவில் பெண்கள் இல்லை என்று அர்த்தம் கிடையாது.

மெடிக்கல் ஷாப் வழியை நாங்கள் முதலில் கணக்கிலேயே எடுக்கவில்லை. சிரிஞ்சுக்குச் சீட்டு தேவையில்லை, விலையும் பத்து ரூபாய்க்குள் முடியும், ராத்திரி பத்து மணிக்கும் கடை திறந்திருக்கும். ஆனால் ஆளைப் பார்த்ததும் "ஸ்டாக் இல்ல" என்று சொல்லிவிடுவார்கள். கடைக்காரரை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது, கடை வாசலில் கூட்டம் சேரும், போலீஸ் வரும் என்ற பயம் அவருக்கு. ஆம்ஸ்டர்டாமில் 1984இல் பழைய ஊசியை வாங்கிப் புதிது கொடுக்கும் வேலையை ஊசி போடுகிறவர்களின் சங்கமே தொடங்கியதற்கும், நகர நடுவில் ஒரு மருந்துக்கடை ஊசி விற்க மறுத்ததுதான் ஒரு காரணம். பழைய கதை. இரண்டு கடைக்காரர்களிடம் நர்ஸ் அக்கா பேசினார். நாங்கள் முன்பணம் கட்டி ஒரு டோக்கன் கொடுப்போம், டோக்கனோடு வருகிறவருக்குக் கேள்வி கேட்காமல் ஐந்து சிரிஞ்ச் கொடுக்க வேண்டும். ஒருவர் ஒத்துக்கொண்டார். விடியற்காலை ஆட்களுக்கு முந்தின இரவே ஊசி கிடைக்க இதைவிட மலிவான வழி எங்களுக்குத் தெரியவில்லை.

நலாக்சோனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாமா பையன் அதைத்தான் அதிகம் பேசினான். அமெரிக்காவில் 2023 முதல் மூக்கில் அடிக்கும் நலாக்சோனைச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கலாம். இங்கே அது டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டிய ஊசிமருந்து. தபாலில் அனுப்பி, படம் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று விட முடியாது. மயங்கிக் கிடப்பவர் தனக்குத்தானே போட்டுக்கொள்ளவும் முடியாது, பக்கத்தில் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். டேபன்டடாலோடு நைட்ரஸிபாம் போன்ற தூக்க மாத்திரையும் சேர்த்து எடுக்கிறார்கள். நலாக்சோன் தூக்க மாத்திரையை முறிக்காது. ஓபியாய்டை முறிக்கும்போதும்கூட, அரைமணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் நலாக்சோனின் வேகம் தணிந்துவிடும், ஆள் மறுபடி மயங்கலாம். ஆகவே எங்கள் பணம் இதற்குப் போவதைவிட, கூடிப் போடுகிற இடங்களில் முதலுதவி சொல்லிக்கொடுக்கப் போவது நல்லது. உதடு நீலமாகி, மூச்சு மெதுவாகி, உலுக்கினாலும் எழவில்லை என்றால் 108க்குக் கூப்பிடு. மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்துக் காற்று கொடு. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. தண்ணீர் ஊற்றுவது, உப்புநீர் ஏற்றுவது, அறைவது எதுவும் வேண்டாம். டேபன்டடாலில் வலிப்பும் வரலாம். அப்போது கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டு நேரத்தை வீணாக்குவார்கள். சாவி ஒன்றும் செய்யாது.

இந்த ஆபத்து யாருக்கு அதிகம் என்றால், கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தவர்களுக்கு. புழல் சிறையிலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு வாரம், மறுவாழ்வு இல்லத்திலிருந்து வீடு திரும்பிய முதல் மாதம். உடம்பு பழைய அளவைத் தாங்காது, கை பழைய அளவையே எடுக்கும். இவர்களில் பலருக்குத் தபால் போட முகவரியே இருக்காது.

ஓ.எஸ்.டி. என்கிற மாற்று மருந்து சிகிச்சையைப் பற்றியும் கேட்பார்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் பியூப்ரனார்பின், வழக்கமாகத் தினமும் மையத்துக்கு வந்து பணியாளர் கண் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். உடம்பு முறுக்கல் அடங்கும், ஊசி தேடி ஓடுவது நிற்கும், வேலைக்குப் போகலாம். என் அனுபவத்தில் ஆட்களை மனுஷனாக்கிய விஷயம் இதுதான். ஆனால் இது தபாலில் வராது. 2020ஆம் வருடத்துத் தொலைமருத்துவ வழிகாட்டுதலில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளை எழுதவே தடை. அதே வருடம் ஊரடங்கில் சில நாளுக்கான மருந்தைக் கையில் கொடுத்தனுப்பினார்கள். இது எங்கள் அறுபதாயிரத்துக்குள் அடங்கும் வேலையும் இல்லை. எங்களால் முடிந்தது, ஆளை மையம் வரை கூட்டிப்போய் உட்கார வைப்பது. எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்கோ போதை மீட்பு உதவி எண் 14446க்கோ இலவசமாகப் பேசிக் கேட்கலாம்.

சரி, தபாலை மொத்தமாகத் தள்ளிவிட்டோமா? இல்லை. இரண்டாவது ஞாயிறு ஒரு அக்காவின் போன் வந்தது. இங்கே கூவம், பக்கிங்காம் கால்வாய் ஓரங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டுப் பெரும்பாக்கம் போனவர்களில் ஒருவர். அங்கே ஒருவரையும் தெரியாது, ஊசிக்காகவே இரண்டு பஸ் மாறித் தண்டையார்பேட்டை வந்துபோவதாகச் சொன்னார். வர முடியாத நாளில் பழையதையே போட்டுக்கொள்கிறார். மாமா பையன் சொன்ன தூரம், மையத்தில் தலைகாட்ட முடியாத கூச்சம், ரெண்டும் இவருக்கு இருக்கிறது. ஆனால் வீட்டு முகவரி கூடாது என்பதில் அவரே உறுதியாக இருந்தார். பக்கத்து பிளாக்கில் தையல் கடை வைத்திருக்கும் சிநேகிதியின் முகவரியைக் கொடுத்தார். தையல் கடைக்குப் பொட்டலம் வருவதில் ஒரு அதிசயமும் இல்லை. வெள்ளை டப்பாவையும் அந்தச் சிநேகிதியே வைத்துக்கொள்வார், மாதம் ஒருமுறை நாங்கள் போய் எடுத்துவர வேண்டும். அங்கே இன்னும் மூன்று பெண்கள் இருக்கிறார்களாம்.

ஆக, பணம் இப்படிப் பிரிந்தது. ஐந்தில் மூன்று பங்கு, மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை நடக்க ஒருவருக்கும், அவர் பையில் இருக்கும் மருந்து, கட்டுத்துணிக்கும். அவர் ஒருகாலத்தில் ஊசி போட்டவர், இப்போது ஓ.எஸ்.டி.யில் இருக்கிறார், எந்தச் சந்தில் யார் இருப்பார் என்று எங்களைவிட நன்றாகத் தெரியும். ஒரு பங்கு மருந்துக்கடை டோக்கனுக்கு. மிச்சம் ஒரு பங்குதான் தபாலுக்கும் பெரும்பாக்கம் போய்வருவதற்கும். ஊசிகள் திட்டத்தின் கணக்கில் வருகின்றன, கழிவும் அவர்கள் வழியாகவே போகிறது. மாமா பையனுக்குப் போனில் சொன்னபோது கொஞ்சம் ஏமாற்றம்தான். "தபாலுக்கு இவ்ளோதானா?" என்றான். முகவரி இருக்கிறவர்களுக்கு மட்டும்தானே தபால் என்றேன்.

மழை மாதத்துக்கு என்ன செய்வது என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறினால் வியாசர்பாடிப் பக்கம் நடப்பதும் நிற்கும், தபாலும் தாமதமாகும். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே ஆளுக்கு இரண்டு வாரத்துக்கான ஊசியை மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்கிறார் நர்ஸ் அக்கா. அவ்வளவையும் வீட்டில் எங்கே வைப்பார்கள் என்று கேட்டேன். "அரிசி டிரம்ல வைக்க மாட்டாங்க, அது மட்டும் தெரியும்" என்றார். அடுத்த ஞாயிறு பேசுவோம்.